பச்சை விழுந்த பிறகும் எழும்பாதவர்

தேயிலைத் தோட்டத்தில் ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிய எங்கள் லயத்தில் பன்னிரண்டு வீடு. பன்னிரண்டு வீட்டு ஆட்களின் பெயர், வயது, அடையாள அட்டை இலக்கம், யாருக்கு என்ன வருத்தம், யார் வீட்டு ஆள் கொழும்பில் எந்தக் கடையில் வேலை, எல்லாம் அந்த அக்காவுக்குத் தெரியும். அவர் பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. நாங்கள் கேட்கவில்லை. கையில் டெப் என்கிற பலகை மாதிரிக் கம்பியூட்டர் வைத்திருந்தார், டெப் அக்கா என்று கூப்பிட்டோம், அதோடு விட்டுவிட்டோம்.

ஐம்பது வயது இருக்கும். கட்டையான உடம்பு. முழங்காலில் வலி. உட்காரும்போது ஒரு முனகல், எழும்பும்போது இரண்டு. பூனாகலைப் பக்கத்து ஆள் என்று யாரோ சொன்னார்கள். அதுவும் சரியாகத் தெரியாது.

அவர் முதலில் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு எனக்கு வேலைக்குப் போக முடியாத காய்ச்சல். வாசலில் நின்று, "வீட்டுல ஆள் இருக்கீங்களா? பதிவுக்கு வந்திருக்கேன்" என்றார். பதிவு என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"இது எத்தனாவது பதிவுன்னு தெரியுமா அக்கா? மண்ணு எறங்க ஆரம்பிச்ச நாள்ல இருந்து வர்றவங்க எல்லாம் எழுதிட்டுத்தான் போறாங்க. எழுதுன கடுதாசிய அடுக்கி வச்சிருந்தா இந்நேரம் ஒரு வீடு கட்டியிருக்கலாம்."

"கட்டியிருக்கலாம்" என்றார் அவர். "மழைக்குத் தாங்காது. உங்க வீட்டுல எத்தன பேரு?"

சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார். வாங்க என்றுகூட நான் சொல்லவில்லை.

என் கோபத்துக்குக் காரணம் என் வீட்டுப் பின்சுவர். முதல் வருடம் வெடிப்பில் நெருப்புக்குச்சி போனது. அந்த அக்கா வந்த வருடம் நாலு விரல் போனது. மண்ணைச் சோதிக்க வந்தவர்கள் லயத்துச் சுவரில் சிவப்பு மை அடித்துவிட்டு, கடும் மழை பெய்தால் இங்கே இருக்காதீர்கள் என்று சொல்லிப் போனார்கள். எங்கே இருப்பது என்று சொல்லவில்லை. ஒவ்வொரு மழைக்கும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடுவோம். மழை விட்டால் அதே வெடிப்புக்குத் திரும்புவோம்.

இப்போது எடுப்பது வேறு பட்டியல் என்றார் அக்கா. வேறு இடத்துக்கு மாற்ற வேண்டிய குடும்பங்களின் பட்டியல். வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு மூடிவிடுவார்கள். அதில் பெயர் இருந்தால் நிலம். இல்லாவிட்டால் வெடிப்பும் நாமும்தான்.

அவர் வேலை செய்யும் விதத்தைச் சொல்ல வேண்டும். பைக்குள் இருந்து ரப்பர் உறை போட்ட டெப்பை எடுப்பார். அது அலுவலகம் கொடுத்தது. சிம் போட இடம் இருந்தது, சிம் இல்லை. பிறகு தருவோம் என்று சொன்னார்களாம். அந்தப் பிறகு எங்களுக்கும் நன்றாகப் பழக்கமான பிறகு. அதனால் தன்னுடைய சொந்தப் போனை எடுத்து ஜன்னலில் வைப்பார். போனில் இன்டர்நெட் இருக்கும், டெப்பில் இருக்காது. போனில் ஹாட்ஸ்பாட்டைப் போட்டால் டெப் அதைப் பிடித்துக்கொள்ளும். பிடிக்கும்வரை இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அவர் ஹாட்ஸ்பாட்டுக்கு வைத்த பெயர் பேய். ஐந்தாம் வீட்டுப் பெண் ஓடி வந்தாள். "அக்கா, என் போன்ல பேய்னு காட்டுது!"

"நான்தான் அது" என்றார் டெப் அக்கா, தலையைத் தூக்காமல். "வேற பேரு வச்சா எல்லாரும் தொத்திக்கிறாங்க. பேயோட எவரும் தொத்த மாட்டாங்க."

எழுதி முடித்ததும் அனுப்புகிற பொத்தானை அழுத்துவார். ஒரு வட்டம் சுற்றும். எங்கள் பக்கம் சிக்னல் லட்சணத்துக்கு அது சுற்றிக்கொண்டே இருக்கும். மூன்றாம் வீட்டில் முக்கால் மணி நேரம் சுற்றியது. அந்த வீட்டுப் பெண் வேலைக்குப் போக வேண்டும் என்று பறந்தாள். "அதான் எழுதிட்டீங்கல்ல, கெளம்புங்க அக்கா" என்றாள்.

"எழுதுனா பத்தாதும்மா. போகணும்."

போனால் திரையில் பச்சை நிறத்தில் ஒரு சரி விழும். உடனே டெப்பைத் திருப்பி வீட்டு ஆள் முகத்துக்கு நேரே பிடிப்பார். "பாத்தீங்களா? பச்சை விழுந்துருச்சு. உங்க கண்ணால பாத்தீங்களா?" ஆமாம் என்று சொல்லும்வரை விடமாட்டார். வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் பச்சை தெரியும். பத்தாம் வீட்டில் ஒரு பாட்டாவுக்குக் கண் சரியில்லை. அவர் விரலைப் பிடித்துத் திரைமேல் வைத்து, "இந்த இடத்துல இருக்கு" என்றார். நான் வாசலில் நின்று, இந்தம்மாவுக்குக் கொஞ்சம் மறை கழன்றிருக்கிறது என்று நினைத்தேன்.

பின்னேரம் ஐந்து மணிக்குப் பன்னிரண்டாவது பச்சை விழுந்தது. சீனி போடாத தேத்தண்ணி ஒன்று குடித்துவிட்டுப் போனார். வேலை முடிந்தது என்று நாங்களும் நினைத்தோம்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் திரும்பி வந்து நின்றார். கொட்டுகிற மழை; பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, சாமான் எடுக்க லயத்துக்கு வந்திருந்தோம். பஸ் மேலே வரவில்லை என்று அக்கா பாதி மலை நடந்திருக்கிறார். கணுக்காலில் இரண்டு அட்டைப்பூச்சி இரத்தம் குடித்து ஊறிக் கிடந்தன, அதைக்கூடக் கவனிக்கவில்லை. அவர் போன் நனைந்து செத்துவிட்டது. டெப் மட்டும் மூன்று பைகளுக்குள் உலர்ந்து இருந்தது.

"நேத்து பதுளைக்குப் போனேன்" என்றார். "ஆபிஸ்ல பெரிய கம்பியூட்டர்ல உங்க லயத்தத் தேடிப் பாத்தேன். பன்னெண்டு குடும்பம் இல்ல. ஒண்ணுதான் இருக்கு."

அவரைப் போய்ப் பார்க்கச் சொன்னவர் யாரும் இல்லை. பச்சை விழுந்த பிறகும் அவருக்குச் சந்தேகம் தீரவில்லை, சொந்த பஸ் காசில் போயிருக்கிறார்.

நடந்தது இதுதான். படிவத்தில் வீட்டு இலக்கம் கேட்கிறது. பட்டணத்தில் வீட்டுக்கு ஒரு இலக்கம். தோட்டத்தில் வீட்டுக்கு இலக்கம் ஏது? லயத்துக்குத்தான் இலக்கம். எங்களுடையது நாலாம் லயம். எங்களைக் கேட்டபோது பன்னிரண்டு வீட்டுக்காரரும் நாலு என்றுதான் சொன்னோம். பிறந்ததில் இருந்து அப்படித்தான் சொல்லிப் பழக்கம். அக்காவும் தோட்டத்து ஆள், அவருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை, நாலு என்றே போட்டார். கம்பியூட்டர் என்ன செய்தது? நாலாம் இலக்கம் ஒரே வீடு என்று நினைத்து, ஒவ்வொரு முறையும் பழைய குடும்பத்தை அழித்துவிட்டுப் புதியதை வைத்தது. கடைசியாக எழுதிய பன்னிரண்டாம் வீடு மட்டும் மிஞ்சியது.

எனக்குக் கண் சிவந்தது. "நீங்கதான எழுதுனீங்க? ஆயிரம் தடவ பச்ச பச்சன்னு காட்டுனீங்களே?"

"நான்தான் எழுதுனேன். என் பெழதான். அதான் வந்திருக்கேன்."

நாலைப் போடச் சொன்னது நாங்கள் என்று அவர் சொல்லியிருக்கலாம். அலுவலகத்தின் மேல் போட்டிருக்கலாம். படிவத்தின் மேல் போட்டிருக்கலாம். சொல்லவில்லை. என் வாழ்க்கையில் பதிவு எடுக்க வந்த ஒருவர் என் பிழை என்று சொன்னது அன்றைக்குத்தான் கேட்டேன். திட்ட வைத்திருந்த மிச்சத்தை விழுங்கிக்கொண்டு, "இப்ப என்ன செய்யணும்?" என்றேன்.

"கதவுக்கு ஒரு நம்பர் வேணும். எல்லாரையும் திரும்ப எழுதணும். அனுப்புனது டெப்புல நிக்காது, அதனால மொதல்ல இருந்து கேக்கணும். நாலு மணிக்குள்ள. உங்க போனக் குடுங்க."

பன்னிரண்டாம் வீட்டுக்காரர் மைக்செட் மாமா. கோயில் திருவிழாவுக்கு ஸ்பீக்கர் கட்டுகிறவர். பட்டியலில் அவர் பெயர் மட்டும் இருக்கிறது என்ற செய்தி அதற்குள் லயம் முழுக்கப் பரவிவிட்டது.

"என்ன மாமா, உங்க பேர மட்டும் ஏத்துறதுக்கு என்னத்தக் குடுத்தீங்க?" என்று கேட்டாள் ஐந்தாம் வீட்டுக்காரி.

"ஆமாடி, மாரியம்மன் உண்டியல ஒடச்சுக் குடுத்தேன். போய்ப் பாரு, ஓட்டையா இருக்கும்."

அப்படிச் சொன்னாரே தவிர மனிதர் உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளவில்லை. கோயில் காவியைக் கரைத்துக்கொண்டு வந்து கதவு கதவாக எழுதினார். 4/1 என்று சாய்வுக் கோடு போட்டு எழுதினால் படிவம் ஏற்காது என்று அக்கா சொன்னதால் 401, 402 என்று 412 வரை. எழுதும்போதே நக்கல் தொடங்கிவிட்டது. "நானூத்தி ஏழாம் நம்பர் ரூமுக்கு சுடுதண்ணி வேணுமாங்க?" என்று என் கதவைத் தட்டினார். அவ்வளவு கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

ஆனால் என் போனில் சிக்னல் கோடே இல்லை. காற்றுக்கு எங்கள் பக்கத்துப் போன் கோபுரம் விழுந்ததோ கரண்ட் போனதோ, சிக்னல் சுத்தமாகச் செத்துவிட்டது. பள்ளத்துக்கு அந்தப் பக்க மலையில் இன்னொரு கோபுரம் உண்டு. அதன் சிக்னல் எங்கள் தலைக்கு மேலே போகிறது, கீழே இறங்காது. ஆளாளுக்கு மேட்டில் ஏறிப் போனைத் தூக்கிப் பிடித்தோம். ஒன்றும் இல்லை.

அக்கா கோயில் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே ஸ்பீக்கர் கட்டுகிற கமுகு மரம் நட்டிருக்கிறது. முப்பது அடி இருக்கும். உச்சியில் கப்பி, கப்பியில் கயிறு.

"மாமா, ஸ்பீக்கர ஏத்துற மாதிரி போன ஏத்த முடியுமா? போன் மேல இருக்கட்டும். டெப் அடியில இருந்தாப் போதும், அந்தளவு தூரம் எட்டும்."

"மாரியாத்தாவுக்கே நேரடியா போன் போடப் போறீங்களா? சரி, ஏத்திருவோம்."

ஏற்றினார். ஒன்றும் வரவில்லை. கால் மணி நேரம் வானத்தையும் கோபுரத்தையும் திட்டினோம். அக்கா மட்டும் கயிற்றைப் பார்த்தார். "மாமா, போன எதுல வச்சு ஏத்துனீங்க?"

"பால்மா டின்னுலதான். நனையாம இருக்க மூடியும் போட்டேன்."

"தகரத்துக்குள்ள போட்டு மூடினா எப்படி மாமா வெளிய வரும்?"

இறக்கினோம். சொப்பிங் பையில் போட்டு முடிச்சுப் போட்டு மறுபடி ஏற்றினோம். டெப் பிடித்துக்கொண்டது. வட்டம் சுற்றியது, ஆனால் நகர்ந்து சுற்றியது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "என் போன். மொதல்ல என் பேரு" என்றேன் நான். எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும். "உங்க போன்தான். சொல்லுங்க" என்று அக்கா 407-ஐ முதலில் எழுதினார். பச்சை விழுந்தது. டெப்பை என் முகத்துக்கு நேரே திருப்பினார். பார்த்தேன். நிம்மதி வந்தது. உடனே வெட்கமும் வந்தது. வெட்கத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் நின்றேன். கடைசிவரை நின்றேன்.

அடுத்த ஆளிடம் கையெழுத்து வாங்க அக்கா டெப்போடு எழும்பி கோயில் வாசல்வரை போனார். திரும்பி வருவதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது. டெப் விலகிப் போனால் போன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஹாட்ஸ்பாட்டைத் தானாக மூடிக்கொள்ளும். போன் இருப்பது மரத்து உச்சியில். இறக்கி, பையை அவிழ்த்து, போட்டு, மறுபடி ஏற்ற இருபது நிமிடம் போனது. அதன் பிறகு அவர் அந்த மரத்தடியை விட்டு அசையவில்லை. சேற்றில் உரச்சாக்கைப் போட்டு உட்கார்ந்தார். டெப் மடியில். கொழுந்து எடுக்கும்போது நாங்கள் இடுப்பில் கட்டுகிற படங்கை எடுத்து அவர் தோளில் போட்டேன். "எந்திரிச்சா அறுந்துரும். ஆட்கள வரச் சொல்லுங்க" என்றார். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக்கு நிற்கிற மாதிரி சனம் வரிசையில் நின்றது.

ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தபோது நான் கேட்டேன். "இதுக்குன்னு ஏன் அக்கா இப்படி உசிர விடுறீங்க? எழுதியாச்சுன்னு சொல்லிட்டுப் போயிருந்தா உங்கள யாரு கேக்கப் போறா?"

வட்டத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மொத மொத இந்த வேலைக்கு வந்தப்ப ஒரு லயம் எழுதுனேன். பதினாலு குடும்பம். சேமிச்சுட்டேன், வேலை முடிஞ்சதுன்னு நெனச்சு டெப்ப ஆபிஸ்ல குடுத்துட்டேன். அனுப்பல. டெப்ப அழிச்சு வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க. பக்கத்து லயத்துக்கு புது வீட்டுச் சாவி குடுத்த அன்னைக்கு இந்தப் பதினாலும் வேடிக்கை பாத்துக்கிட்டு நின்னுச்சு. இன்னமும் பஸ் அந்தப் பக்கம் போனா நான் தலையக் குனிஞ்சுக்குவேன்." பச்சை விழுந்தது. "அடுத்த ஆளு" என்றார்.

மூன்றரை மணி ஆனபோது ஒரு வீடு பாக்கி. 403. செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போகப் பறந்த அதே பெண். மேல் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கிறாள். செய்தி சொல்லி அனுப்பியும் அவளை இறங்க விடவில்லை, நிறுவை முடியட்டும் என்று நிறுத்திவிட்டார்கள். அவள் வீட்டு ஆட்களின் விபரம் எல்லாம் எங்களுக்குத் தெரியும். அவள் அடையாள அட்டை இலக்கம் தெரியாது. அட்டை அவள் மடியில்தான் இருக்கும். எங்கள் ஆட்கள் அட்டை இல்லாமல் வாசலைத் தாண்ட மாட்டார்கள், சண்டைக் காலத்துச் சோதனையில் பட்ட அனுபவம் அப்படி. ஏறிப் போய்த் திரும்ப ஒரு மணி நேரம் வேண்டும்.

"எழுதாம விட்டுருவோமா?" என்று யாரோ கேட்டார்கள். அக்கா என்னைப் பார்த்தார். "தங்கச்சி, இங்க இருந்து கத்துனா மலைக்குக் கேக்குமா?"

கேட்காது. ஆனால் மலையில் நிரை நிரையாகப் பெண்கள் நிற்கிறார்கள். குளவி கலைந்தாலும், பாம்பைக் கண்டாலும் கீழே இருந்து மேலே ஒருத்தி வாயில் இருந்து இன்னொருத்தி வாய்க்குத்தான் சொல்லி அனுப்புவோம். குடையை மாமாவிடம் கொடுத்துவிட்டு மேட்டு ஓரத்துக்கு ஓடி, தொண்டை கிழியக் கூவினேன். கீழ் நிரை அதை வாங்கி மேலே கொடுத்தது. அது அடுத்த நிரைக்குப் போனது. கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும்.

பிறகு இலக்கம் இறங்கி வந்தது. ஒவ்வொன்றாக. எட்டு. ஒவ்வொரு நிரையும் வாங்கிக் கத்தியது. ரெண்டு. நான் கடைசியாக வாங்கி மரத்தடிக்குக் கத்தினேன். அக்கா ஒவ்வொன்றையும் தட்டினார். முடிந்ததும், "திரும்ப நான் சொல்றேன், சரியான்னு மேல கேளுங்க" என்றார்.

"நேரம் இல்ல அக்கா!"

"ஒரு எண் மாறுனா வேற யாரோ ஆயிருவா. கேளுங்க."

இலக்கம் மறுபடி மலை ஏறியது. சரி என்ற ஒரு சொல் மலை இறங்கியது. அழுத்தினார். வட்டம் சுற்றியது. நாலுக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது பச்சை விழுந்தது.

எல்லோரும் சத்தம் போட்டோம். மாமா கயிற்றை அவிழ்க்கப் போனார். "கைய வைக்காதீங்க" என்றார் அக்கா. "இன்னும் முடியல."

போன் உச்சியில் இருந்ததால் டெப்பிலேயே இன்டர்நெட் வழியாக அலுவலகத்துக்கு அழைத்தார். எடுத்தவர் சிங்களத்தில் சலித்துக்கொண்டார். இவர் பொறுமையாகச் சிங்களத்திலேயே, நாலாம் லயத்தைத் திறந்து எனக்கு வாசித்துக் காட்டுங்கள் மாத்தையா என்றார். போயிருந்தால் இருக்கும்தானே என்றார் அவர். போன தடவையும் போனது, இருக்கவில்லை என்றார் இவர். நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன், நீங்கள் வாசிக்கும்வரை வைக்கமாட்டேன்.

அவர் வாசித்தார். அக்கா விரலில் எண்ணினார். எங்கள் பெயர்கள் பதுளையில் இருந்து திரும்பி வந்ததை மழைக்குள் நின்று கேட்டோம். அந்தாள் சில பெயர்களைக் கொன்றுவிட்டார், ஆனாலும் தெரிந்தது. பன்னிரண்டு.

அதன் பிறகுதான் எழும்பப் பார்த்தார். முடியவில்லை. கால் மரத்துவிட்டது. நானும் மாமாவும் கைத்தாங்கலாகத் தூக்கினோம். இரண்டு முனகலுக்குப் பதில் சிரிப்பு வந்தது அவருக்கு. ஐந்து மணி பஸ்ஸுக்கு இறங்கிப் போனார். கை காட்டினோம். அப்போதும் ஒருவரும் பெயர் கேட்கவில்லை.

இரண்டு வருடம் ஆகிவிட்டது. நிலம் காட்டினார்கள், கட்டை அடித்தார்கள், கட்டையைச் சுற்றிப் புல் முளைத்துவிட்டது. என் பின்சுவரில் இப்போது முழுக் கை போகிறது. மாதம் ஒரு தடவை நான் பதுளைக்குப் போகிறேன். லிஸ்டில் இருக்கிறீர்கள், போங்கள் என்பார்கள். திரையைத் திருப்பிக் காட்டுங்கள் என்பேன். முதலில் முறைத்தார்கள். இப்போது என்னைக் கண்டதும் திருப்பிவிடுகிறார்கள். 401 முதல் 412 வரை என் கண்ணால் பார்த்த பிறகு, வீடு எப்போது என்று கேட்பேன்.

போன மாதம் இன்னொன்றும் கேட்டேன். "எங்க லயத்த எழுதுன அக்கா பேரு என்ன சேர்? எந்தத் தோட்டம்?"

கம்பியூட்டருக்கு முன்னால் இருந்தவர் ஏதோ தட்டிப் பார்த்தார். "அதெல்லாம் தற்காலிக ஆட்கள். வேலை முடிஞ்சா போயிருவாங்க. விபரம் எதுவும் இதுல ஏத்துறதில்ல."

"பன்னெண்டு குடும்பத்த ஏத்துனவங்க பேர ஏத்தலியா?"

"இல்லம்மா. பழைய ஃபைல்ல இருக்கலாம். தேடணும். இப்ப சாப்பாட்டு நேரம், எழும்புங்க."

நான் உட்கார்ந்திருந்தது நீளமான ஒரு மர வாங்கு. பையை மடியில் வைத்துக்கொண்டு அதில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

"நீங்க சாப்பிட்டுட்டு வாங்க சேர். நான் இங்கதான் இருப்பேன்."